கிர்க்கூப்ரிக்கு ஒரு நாள் போதுமா?

மகள் எடின்பரோவில் படிக்கிறாள், ஜூனில் அவளைப் பார்க்க நீங்களும் மனைவியும் வருகிறீர்கள், வாடகைக் கார் எடுக்க உத்தேசம், மனைவிக்கு ஓவியம் என்றால் உயிர், உங்களுக்குக் கோட்டை, துறைமுகம், பழைய கல்லறை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், 'ஓவியர்களின் ஊர்' என்று தன்னை அழைத்துக்கொள்கிற கிர்க்கூப்ரிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா என்பதுதான் கேள்வி. திரும்பிவிடலாம், ஆனால் அப்படிப் போகாதீர்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள், முடிந்தால் இரண்டு. எடின்பரோவிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர், போக மட்டும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, அதில் கடைசிப் பகுதி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற ஒற்றைச் சாலை. அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய் நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால், வண்ணவண்ண வீடுகளின் முன்னால் எடுத்த படங்கள்தான் மிஞ்சும். அதற்கு இன்ஸ்டாகிராமே போதும்.

தூரம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் தங்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் தண்ணீர். ஊர் நேராகக் கடற்கரையில் இல்லை, டீ என்ற ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது (குடிக்கிற டீ இல்லை, ஆனால் இந்தக் கரையில் அந்த டீயும் நிறையக் கடத்தப்பட்டது, அதற்குப் பிறகு வருகிறேன்). ஆறு போய்ச் சேர்கிற சால்வே ஃபர்த், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் நுழைந்த ஆழமில்லாத கடல். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓதம் (கடல் நீர் தினமும் ஏறி இறங்குவது) வரும் நாட்களில் ஆறு, ஏழு மீட்டர். நம் ஊர்க் கடற்கரைகளில் ஒரு மீட்டருக்கே நாம் பழகியவர்கள், எனவே இதை மனக்கண்ணில் கொண்டுவருவது கொஞ்சம் கஷ்டம். காலையில் துறைமுகச் சுவரின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே படகின் தளம் தெரியும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று எட்டிப் பார்த்தால் படகு மாடி வீட்டு உயரத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், ஆறு நடுவில் ஓடுகிற வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கும், இரண்டு பக்கமும் பளபளவென்று சேறு. அந்தச் சேறு வெறும் சேறில்லை. ஈரம் காயாமல் இருக்கும்வரை வானத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அது அப்படியே கீழேயும் இருக்கும், சாம்பல், ஊதா, மாலையில் செம்பு. இந்த ஊரை வரைந்தவர்களின் படங்களைப் பார்க்கும்போது அடிப்பகுதியில் ஒரு விநோதமான வெளிச்சம் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் அறை பதிவு செய்வதற்கு முன்னால் ஓத அட்டவணையைப் பாருங்கள். அட்டவணை கையில் இல்லையென்றால் நம் நாட்காட்டியே பாதி உதவும்: அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாட்களில் பெரிய ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும், மாலையில் ஆறு வற்றிக் கிடக்கும். அஷ்டமி, நவமி, தசமி வாக்கில் ஏற்றம் சின்னது, ஆனால் அது வருவது மாலை ஆறு, ஏழு மணிக்கு. ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சாப்பிட்டு முடித்துவிட்டு நிறைந்த ஆற்றங்கரையில் நடக்கலாம். உங்கள் மனைவி வண்ணப்பெட்டியோடு வருகிறார் என்றால் முதலாவது.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை, வழி தேடும்போது உதவும்: எழுத்துக்கூட்டினால் 'கிர்க்குட்பிரைட்' மாதிரி இருக்கும், சொல்வது கிர்க்கூப்ரி. பேருந்து ஓட்டுநரிடம் முதலாவதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார், சிரித்துக்கொண்டே.

சரி, ஓவியர்கள் ஏன் இங்கே வந்து குவிந்தார்கள்? வெளிச்சம் நல்ல வெளிச்சம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். வெளிச்சம் அந்தக் கரை முழுக்கத்தான் நன்றாக இருக்கிறது, அதை மட்டும் நம்பி யாரும் ஓர் ஊருக்குக் குடிவரமாட்டார்கள். 1864ல் இங்கே ரயில் வந்தது, கிளாஸ்கோவில் படம் விற்கிற ஓவியர் ஒருவர் இங்கே வாழ்ந்துகொண்டு அங்கே போய்வர முடிந்தது. பழைய துறைமுக ஊர் என்பதால் பெரிய பெரிய வீடுகள் இருந்தன, வியாபாரம் சுருங்கியதால் அவை மலிவாகக் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் இருந்தார், எட்வர்ட் அட்கின்சன் ஹார்னல். 1864ல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, குழந்தையாகவே குடும்பத்தோடு இந்த ஊருக்குத் திரும்பி வந்து வளர்ந்தவர். 'கிளாஸ்கோ பாய்ஸ்' என்று பெயர் வாங்கிய ஓவியர் கூட்டத்தில் முக்கியமானவர். அவருடைய நண்பர் ஜார்ஜ் ஹென்றியும் அவரும் சேர்ந்து 1890ல் ஒரே திரையில் வரைந்த 'ட்ரூயிட்கள்' படம் இப்போது கிளாஸ்கோவின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கத் தகடெல்லாம் ஒட்டி, பழைய கெல்ட் பூசாரிகள் ஊர்வலமாக இறங்கி வருவதுபோல ஒரு படம். கிளாஸ்கோ வழியாகத் திரும்புகிறீர்கள் என்றால் அதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் என் கருத்தில் ஹார்னலின் நல்ல காலம் அதுதான்.

அதற்குப் பிறகு 1893ல் இருவரும் ஜப்பான் போனார்கள். அலெக்சாண்டர் ரீட் என்ற படவியாபாரியும், பிற்பாடு பெரிய கலைச் சேகரிப்பாளராகப் பெயர் பெற்ற வில்லியம் பரெலும் செலவுக்குக் கைகொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பிவந்து வரைந்த படங்கள் விற்றுத் தீர்ந்தன. 1901ல் ஹார்னல் ஹை ஸ்ட்ரீட்டில் பிராட்டன் ஹவுஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையை வாங்கினார், அதே வருடம் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி இணை உறுப்பினர் பதவி தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா எலிசபெத்தோடு 1933ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். வீடு இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம். உங்கள் மனைவிக்கு இங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்குள் பின்பக்கம் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட காட்சிக்கூடம் இருக்கிறது, மரப் பலகை அடித்த சுவர்கள், மேலே சுற்றிவர ஏதென்ஸின் பார்த்தினான் சிற்பவரிசையின் சுதை நகல், வருகிற வாடிக்கையாளர் மிரள வேண்டும் என்றே செய்ததுபோல இருக்கும். அதைத் தாண்டினால் வேலை செய்த அறை, அப்புறம் தோட்டம், ஆறுவரை நீண்டு போகிறது. ஜப்பானிய பாணிக் குளம், மிதிகற்கள், விஸ்டீரியா கொடி, எல்லாம் ஒரு ஸ்காட்லாந்து வீட்டின் கொல்லைப்புறத்தில். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் சம்பந்தப்பட்ட புத்தகங்களையும் காகிதங்களையும் வெறிபிடித்துச் சேர்த்திருக்கிறார், அந்த நூலகம் வீட்டோடு சேர்ந்தே வந்தது.

அங்கே மாட்டியிருக்கும் படங்களில் ஏதாவது ஒன்றின் முன்னால் போய் மூக்கு படுகிற தூரத்தில் நின்று பாருங்கள். பூக்களும் இலைகளும் கத்தியால் அப்பியதுபோலக் கட்டிகட்டியாக, கிட்டத்தில் வெறும் சாயக் குழம்பு, எது கிளை எது பறவை என்றே தெரியாது. அதன் நடுவில் ஒரு சிறுமியின் முகம் மட்டும் வழவழவென்று தேய்த்து முடித்திருக்கும். இரண்டடி பின்னால் வந்தால் குழம்பு தோட்டமாகிறது, முகம் அதிலிருந்து மேலே மிதந்து வருகிறது. வித்தை அபாரம். ஆனால் இருபது வருடம் அதையே திரும்பத் திரும்பச் செய்தார், பூ, சிறுமி, பூ, சிறுமி, ஏனென்றால் அது விற்றது. நான்காவது படத்தில் உங்களுக்கே சலிக்கும், அது உங்கள் குற்றம் இல்லை.

நமக்குத் தொடர்புள்ள ஒன்று இங்கே இருக்கிறது. 1907ல் ஹார்னல் அக்காவோடு இலங்கைக்குப் போனார். அங்கிருந்து கொண்டுவந்த புகைப்படங்களை வைத்து, வீட்டுக்கு வந்தபிறகு படங்களாக வரைந்தார். அவர் வேலை செய்த விதமே அப்படித்தான், ஆளை நேரில் உட்காரவைத்து வரைவதைவிடப் புகைப்படத் தகடுகளை நம்பினார், ஜப்பான், இலங்கை, பர்மா, உள்ளூர்ச் சிறுமிகள் என்று ஏராளமானவை அந்த வீட்டில் சேர்ந்திருக்கின்றன. இலங்கைப் பெண்கள் இருக்கும் படம் ஏதாவது மாட்டப்பட்டிருந்தால் நின்று பாருங்கள். எனக்கு அந்தப் படங்களின் முன்னால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நிறம் அழகு, பச்சை அழகு, ஆனால் அந்தப் பெண்கள் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று ஒன்றும் கிடையாது. ஸ்காட்லாந்துச் சிறுமியின் இடத்தில் சேலை கட்டிய சிறுமி, மற்றதெல்லாம் அதே தோட்டம். இதை அங்கிருக்கும் தன்னார்வலர்களிடம் தாராளமாகப் பேசலாம், முகம் சுளிக்கமாட்டார்கள், பாதிப் பேர் நம்மைவிட அதிகம் யோசித்தவர்கள்.

பிராட்டன் ஹவுஸைப் பார்த்துவிட்டு ஓவியர் ஊர் முடிந்தது என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய தப்பு. இந்த ஊரின் சுவாரஸ்யமான ஆள் ஹார்னல் இல்லை, ஜெஸ்ஸி கிங். அதே தெருவில் இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்தால் பச்சைக் கதவு ஒன்று வரும், கிரீன்கேட் என்று பெயர், அதுதான் ஜெஸ்ஸியின் வீடு. 1875ல் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர், கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படித்தவர், புத்தகங்களுக்கு இழை இழையாகக் கோட்டுச் சித்திரம் போடுவதில் அவருக்கு நிகர் அன்று மிகச் சிலரே. கணவர் ஈ.ஏ. டெய்லர் அறைகலன் வடிவமைப்பாளர், ஓவியர். இருவரும் பாரிஸில் ஓர் ஓவியப் பள்ளி நடத்தினார்கள், முதல் உலகப் போர் வந்ததும் 1915ல் இங்கேயே நிரந்தரமாக வந்துவிட்டார்கள். கிரீன்கேட் என்பது ஒற்றை வீடு இல்லை. முன்னால் பெரிய வீடு, பக்கவாட்டில் ஒரு நடை, அதன் வழியாகப் பின்னால் போனால் வரிசையாகச் சின்னச் சின்னக் குடிசைவீடுகள். இங்கே இந்த மாதிரிச் சந்துக்கு 'குளோஸ்' என்று பெயர். தெருப்பக்கம் குறுகலான வாசல், உள்ளே ஆற்றை நோக்கி நீண்டு போகிற மனை, நம் ஊர் அக்கிரகார வீட்டில் வாசலில் நின்றால் கொல்லை தெரியுமே அந்தக் கணக்கு. ஜெஸ்ஸி அந்தச் சின்ன வீடுகளை ஓவியர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண் ஓவியர்களுக்கு, வாடகைக்குக் கொடுத்தார். சொந்தமாக ஓர் அறையும் வேலை செய்ய வெளிச்சமும், பேசினால் புரிந்துகொள்கிற அண்டைவீட்டாரும் கிடைப்பது தனியாக வாழ்ந்த ஒரு பெண் ஓவியருக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கோடையில் வகுப்பு வேறு நடத்தினார்கள். பாட்டிக், அதாவது மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கிற ஜாவாத் துணிவேலை, ஸ்காட்லாந்தில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அகலத் தொப்பி, கறுப்பு மேலங்கியோடு சைக்கிளில் போகிற ஜெஸ்ஸியை ஊரே வேடிக்கை பார்த்ததாம். 1949ல் காலமானார். வெளியிலிருந்து பார்க்கத்தான் முடியும், ஆனால் கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

பாரிஸ் பழக்கத்தால் சாமுவேல் பெப்லோ போன்ற ஓவியர்களும் இங்கே வந்து வரைந்தார்கள். ஹார்னலுக்குப் பக்கத்து வீட்டில் சார்ல்ஸ் ஆப்பன்ஹைமர் இருந்தார், மான்செஸ்டர் பக்கம் இருந்து 1908ல் வந்தவர், ஆற்றையும் பனியையும் இந்தக் கூரைகளையும் அவரைப்போல நேர்மையாக வரைந்தவர் இல்லை என்பேன். பணமும் புகழும் ஹார்னல் பக்கம், ஊரின் உண்மையான முகம் ஆப்பன்ஹைமர் படத்தில். சிற்பி ஃபிலிஸ் போன் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார், ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியில் 1944ல் முழு உறுப்பினரான முதல் பெண் அவர்தான், விலங்குச் சிற்பங்கள் அவருடைய சிறப்பு. இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கிர்க்கூப்ரி கேலரீஸ் போங்கள். பழைய நகர மண்டபத்தைப் புதுப்பித்து 2018ல் திறந்தார்கள், திறந்த புதிதிலேயே எடின்பரோ தேசியக் காட்சியகத்தின் புகழ்பெற்ற மான் படம், லேண்ட்சியர் வரைந்தது, இங்கே விருந்துக்கு வந்தது. சின்ன ஊருக்கு இந்தக் கூடம் ரொம்பவே பெரிது. நான் சொல்வேன், முதலில் இங்கே வந்து ஆப்பன்ஹைமரையும் ஜெஸ்ஸியையும் பார்த்துவிட்டு, அப்புறம் தெருவில் நடந்து, கடைசியாக ஹார்னல் வீட்டுக்குப் போங்கள். வரிசை மாறினால் ஹார்னலின் பகட்டு மற்றவர்களை அமுக்கிவிடும்.

டாரதி சேயர்ஸ் 1931ல் வெளியிட்ட துப்பறியும் நாவல் ஒன்று இந்த ஓவியர் கூட்டத்தை வைத்தே எழுதப்பட்டது, செத்துப்போவதும் ஓவியர், சந்தேகத்துக்குரிய ஆறு பேரும் ஓவியர்கள், கிரீன்கேட் அதில் நிறம் மாறி நீலக் கதவாகியிருக்கும். 1973ல் வந்த 'தி விக்கர் மேன்' திரைப்படத்திலும் இந்தச் சந்துகள் வருகின்றன. அதைத் தேடிவருகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது.

இனி உங்கள் பங்கு. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மக்லெல்லன் கோட்டை நிற்கிறது. கோட்டை என்று பெயர்தான், உண்மையில் ஒரு பணக்காரரின் வீடு. சர் தாமஸ் மக்லெல்லன் 1582 வாக்கில் கட்டி முடித்தார். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சும்மா கிடந்த பிரான்சிஸ்கன் மடத்தின் நிலத்தை வளைத்துப்போட்டு, அதன் கல்லையே பெயர்த்து எடுத்துக் கட்டினார். பெரிய கூடத்தில் கணப்பு அடுப்பு இருக்கிறது, மேலே ஒரே கல்லில் நீண்ட உத்தரம். அந்த அடுப்புக்குள் தலையைக் குனிந்து பின்சுவரைப் பாருங்கள், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குப் பின்னால் ஒளிவறை. விருந்தினர்கள் குடித்துவிட்டு என்ன பேசுகிறார்கள் என்று வீட்டுக்காரர் அங்கே உட்கார்ந்து ஒட்டுக்கேட்கலாம். இவ்வளவு சாமர்த்தியசாலியின் வம்சம் அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போருக்குச் செலவு செய்தே ஓட்டாண்டியானது, பிற்காலத்தில் கிர்க்கூப்ரி பிரபு பட்டத்துக்கு உரியவர் எடின்பரோவில் கையுறை விற்றுப் பிழைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கூரையையும் பிரித்துவிட்டார்கள், அன்றிலிருந்து மொட்டையாக நிற்கிறது. எதிரே கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்துக்குள் தாமஸின் கல்லறைச் சிலை படுத்திருக்கிறது. ஒன்று கவனம்: ஸ்காட்லாந்தில் இந்த மாதிரி இடிந்த கட்டடங்களைக் கல் பரிசோதனைக்காக அவ்வப்போது மூடி வைக்கிறார்கள், உள்ளே போக முடிகிறதா என்று கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தை மறக்காதீர்கள். துப்பாக்கியோடு விறைத்து நிற்கிற சிப்பாய் இல்லை, வாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழங்கால வீரன், அவன் பக்கத்தில் தூங்குகிற குழந்தை. பாலின் என்ற சிற்பி 1921ல் செய்தது. ஊர் ஊராகப் போர்ச் சின்னம் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது வேறு ரகம்.

ஹை ஸ்ட்ரீட் ஒரு இடத்தில் முழங்கைபோல மடங்கும், அந்த மூலையில் டோல்பூத். 1620களின் கடைசியில் கட்டியது, நகரசபை, நீதிமன்றம், சிறை மூன்றும் ஒரே கூரையின் கீழ். வெளிப்படியில் சந்தை கூடும் இடத்துக்கு அடையாளமாக நட்ட சந்தைச் சிலுவையும், குற்றவாளியின் கழுத்தில் மாட்டிச் சுவரோடு பூட்டி நிறுத்தும் இரும்பு வளையமும் இன்னும் இருக்கின்றன. எல்ஸ்பெத் மக்யூவன் என்ற வயதான பெண்ணைச் சூனியக்காரி என்று இங்கே அடைத்து வைத்து 1698ல் கொன்றார்கள், காலோவே என்கிற இந்த வட்டாரத்தில் அப்படிக் கொல்லப்பட்டவர்களில் கடைசிச் சிலரில் ஒருவர். 1770ல் இதே சிறையில் ஓர் இளம் கப்பல் தலைவர் இருந்தார். தச்சன் ஒருவனைக் கசையால் அடித்தது அவன் சாவுக்குக் காரணம் என்று வழக்கு. ஜாமீனில் வந்து, பிறகு அந்தக் குற்றச்சாட்டிலிருந்தும் தப்பித்து, அமெரிக்காவுக்குப் போய்ப் பெயரை நீட்டிக்கொண்டார், ஜான் பால் ஜோன்ஸ். ஆம், அமெரிக்கக் கடற்படையின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர். அவர் பிறந்ததும் இதே சால்வே கரையில்தான்.

இந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை நடந்தே பார்க்கலாம். ஊருக்குத் தெற்கே செயின்ட் மேரீஸ் ஐல், பெயரில் தீவு, உண்மையில் கழிமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரம் அடர்ந்த நிலமுனை. 1778 ஏப்ரலில், அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவில், ஜோன்ஸ் 'ரேஞ்சர்' என்ற அமெரிக்கக் கப்பலோடு வந்து, செல்கர்க் பிரபுவைப் பணயக்கைதியாகப் பிடித்துப் போகத் திட்டமிட்டார். பிரபு வீட்டில் இல்லை. சும்மா திரும்பினால் மாலுமிகள் விடமாட்டார்கள், வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைக் கேட்டார்கள், பிரபுவின் மனைவி பதற்றப்படாமல் எடுத்துக் கொடுத்தார். காலையில் தேநீர் போட்ட கூஜாவில் இலை ஈரம் காயாமலே போனது என்று சொல்வார்கள். ஜோன்ஸ் பிறகு அந்த வெள்ளியைத் தன் மாலுமிகளிடமிருந்து சொந்தக் காசு கொடுத்து வாங்கி, மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். அன்று அந்த வீட்டில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் கனடாவின் ரெட் ரிவரில் குடியேற்றம் நிறுவிய செல்கர்க் பிரபு. வீடு 1940ல் தீயில் போய்விட்டது. காட்டுப் பாதை மட்டும் இருக்கிறது, போய்வர ஒன்றரை மணி நேரம், காலில் நல்ல ஷூ இருக்கட்டும்.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க வைத்த துறைமுகம் இல்லை இது, வேலை நடக்கிற இடம். மற்ற சின்னத் துறைமுகங்கள் உல்லாசப் படகுகளுக்குப் போய்விட்ட காலத்தில் இங்கே இன்றும் ஸ்காலப் சிப்பி இறங்குகிறது, அதன் சின்ன ரகத்தை 'குவீனி' என்பார்கள். கரையில் நிற்கிற படகுகளின் இரண்டு பக்கமும் துருப்பிடித்த சங்கிலி வலையும் பல் வைத்த இரும்புச் சட்டமும் தொங்கும், அதைக் கடலடியில் இழுத்துத்தான் சிப்பியை வாருகிறார்கள். கடல்தரைக்கு அது நல்லதில்லை என்ற சண்டை ஸ்காட்லாந்து முழுக்க நடக்கிறது, எனக்கும் அந்தக் கவலை உண்டு, அதே சமயம் இந்த வேலை இல்லையென்றால் ஊர் வெறும் படம் மாட்டிய கூடமாகிவிடும் என்பதும் தெரியும். சுவரோரம் கடலில் போனவர்களின் நினைவாகக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாயின் மரச்சிலை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் மீனைவிடக் கடத்தல்தான் நல்ல வியாபாரம். எதிரே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் வரி குறைவு, அங்கே இறக்கிவிட்டு இரவோடு இரவாகப் பிராந்தி, புகையிலை, டீ எல்லாம் படகில் இங்கே வரும். 1765ல் அரசு அந்தத் தீவின் உரிமையையே விலைக்கு வாங்கி அந்த வழியை அடைக்கப் பார்த்தது என்றால் எவ்வளவு நடந்திருக்கும் பாருங்கள்.

கல்லறை பிடிக்கும் என்றீர்களே, ஊருக்கு வெளியே செயின்ட் கத்பர்ட் இடுகாட்டுக்குப் பத்து நிமிட நடை. சூனியக்காரிகளைக் கொன்ற அதே நூற்றாண்டில் மதத்துக்காக உயிர்விட்ட கவனன்டர்களின் (தங்கள் திருச்சபையில் ராஜா தலையிடக் கூடாது என்றவர்கள்) கல் அங்கே இருக்கிறது, ஆனால் நான் அனுப்புவது பில்லி மார்ஷலிடம். நாடோடிகளின் ராஜா, 1792ல் செத்தபோது வயது 120 என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கல்லின் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்கள், குறுக்காக வைத்த இரண்டு ஆட்டுக்கிடாக் கொம்புகளும் இரண்டு கரண்டிகளும் செதுக்கியிருக்கும், கொம்பில் கரண்டி செய்து விற்ற கூட்டம் என்பதற்கு அடையாளம். யாரோ தவறாமல் அதன் மேல் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மழை வந்தால் ஸ்டுவர்ட்ரி அருங்காட்சியகம். 1893ல் திறந்த கட்டடம், கண்ணாடிப் பெட்டி, கையால் எழுதிய சீட்டு, பாடம் செய்த பறவை எல்லாம் அந்தக் காலத்து ஒழுங்கிலேயே. 'சில்லர் கன்' என்ற ஒரு பொடி வெள்ளித் துப்பாக்கியைத் தேடிப் பாருங்கள், 1587ல் துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் பரிசாகத் தந்தது, பிரிட்டனின் மிகப் பழைய விளையாட்டுப் பரிசு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது ராத்திரி தங்கினால் மறுநாள் கார் இருப்பதால் சுலபம். தென்கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள் டண்டிரென்னன் மடம், 1142ல் சிஸ்டர்சியன் துறவிகள் கட்டியது. போரில் தோற்று ஓடிவந்த ஸ்காட்லாந்தின் மேரி ராணி 1568 மே மாதம் ஸ்காட்லாந்தில் கழித்த கடைசி ராத்திரி அங்கேதான், மறுநாள் சால்வேயைக் கடந்து இங்கிலாந்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. திரும்பும் வழியில் காசில் டக்ளஸ் பக்கம் திரீவ் கோட்டை, டீ ஆற்றின் நடுத் தீவில் நிற்கிறது. வயல் வழியே நடந்துபோய்க் கரையில் மணி அடித்தால் படகுக்காரர் வந்து ஏற்றிக்கொள்வார், கடைசிப் படகு நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகப் பிரியர் என்றால் மேற்கே ஒரு மணி நேரத்தில் விக்டன், தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடை. மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

சாப்பாடு: ஸ்காலப் சாப்பிடுவீர்கள் என்றால் இங்கே சாப்பிடாமல் எங்கே சாப்பிடுவது, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டித் தருவார்கள். சைவம் என்றால் சூப், ரொட்டி, ஏதாவது ஒரு பாஸ்தா, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம், மிளகாய்ப்பொடி கையோடு இருந்தால் நல்லது. பல இடங்களில் எட்டு, எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள், வெளிச்சத்தைப் பார்த்து நேரம் போனது தெரியாமல் ஆற்றங்கரையில் நின்றுவிட்டால் பட்டினிதான்.

கார் வேண்டாம் என்று மனம் மாறினால்: ரயில் 1965ல் நின்றுபோனது. டம்ஃபிரீஸ்வரை ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. பிராட்டன் ஹவுஸ் குளிர்காலத்தில் மூடிவிடும், கோடையிலும் எந்தக் கிழமை விடுமுறை என்று பார்த்துக்கொண்டு அறையைப் பதிவு செய்யுங்கள். கோடை நடுவில் சில நாள் ஓவியர்களும் கைவினைக்காரர்களும் தங்கள் வீட்டையும் பட்டறையையும் சந்துகளையும் திறந்துவிடுகிற கலைச்சுற்று ஒன்று நடக்கும், மூடிய குளோஸ்களுக்குள் நுழைய அதுதான் நல்ல சந்தர்ப்பம். ஆனால் அது ஜூனில் வராது, அந்த வாரத்தில் ஊரில் அறையும் கிடைக்காது. மகள் அங்கே இரண்டு வருடம் இருப்பாள் என்றால் அதை அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலேயே அறை சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.